கப்பல் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்யப் போகிறீர்களா? முதலில் இதைச் செய்யுங்கள்

சபையில் யாராவது சாட்சி சொல்லிக் கேட்டதும் நாமும் போகவேண்டும் என்று மனசு துடிக்கும். அந்தத் துடிப்பு வேண்டும். ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மெர்சி ஷிப்ஸை வைத்தே சொல்கிறேன். 1978-இல் தொடங்கிய கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் அது. ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் கப்பலை நிறுத்தி, பிளவு உதடு, முகக்கட்டி, கண்புரை என்று இலவசமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

1. உங்கள் வேலையைத் தேர்ந்தெடுங்கள். டாக்டர், நர்ஸ் மட்டுமல்ல, சமையல்காரர், எலக்ட்ரீஷியன், ஆசிரியர் எல்லோரும் தேவை. நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

2. பணம். சம்பளம் கிடையாது. விமானம், விசா, காப்பீடு பெரும்பாலும் கைக்காசுதான். தங்குவதற்கும் கட்டவேண்டுமா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். சபையில் உதவி கேட்பதானால் கணக்கை எழுதிக் காட்டிக் கேளுங்கள்.

3. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உதாரணமாக, மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனுக்குப் போக இந்தச் சான்றிதழ் கட்டாயம், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நான் முதல்முறை இதைத் தெரியாமல் ஒரு வாரம் முன்னால் போய் நின்று, பயணத்தையே தள்ளிப்போட வேண்டியதாயிற்று. சான்றிதழைத் தொலைத்துவிடாதீர்கள், அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அப்புறம் மலேரியா மாத்திரை: டாக்ஸிசைக்ளின் என்றால் ஊருக்கு வந்தபிறகும் 4 வாரம் விடாமல் சாப்பிடவேண்டும்.

4. போன இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். சியரா லியோனில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு விட்டுவிடுங்கள். ஜெபத்துக்கும் சிகிச்சைக்கும் முடிச்சுப் போடவே கூடாது. அங்கே பேசுகிற கிரியோ மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள், "ஹவ் டி பாடி?" என்றால் எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம், வார்டில் அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிடும். முகத்தில் கட்டியோடு வருகிறவர் பல வருஷமாகத் துணியால் மூடிக்கொண்டு வாழ்ந்திருப்பார், அவரைக் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், கையைப் பிடியுங்கள், அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். ஊரில் செய்ய உங்களுக்குத் தகுதியில்லாத எதையும் அங்கே தொடாதீர்கள், மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

5. கிளம்பும் முன், கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பை, தெளிவாக எழுதி, உள்ளூர் நர்ஸோடு ஒவ்வொரு கட்டிலாக நின்று ஒப்படையுங்கள். நீங்கள் போன மறுநாளும் நோயாளியின் காயக்கட்டை யாராவது பிரித்துப் பார்க்கவேண்டும்.