ஈஸ்ட் ரைபோசோம் ஆய்வு: பிழை நுழைவது செல் அறுவடையின்போது

செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பை ஈஸ்டில் ஆராய வரும் மாணவர்கள் நுண்ணோக்கியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் செல்களை அறுவடை செய்யும் சில நிமிடங்களிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது.

குளுக்கோஸ் நின்றால் ஈஸ்டில் புரத உற்பத்தி ஓரிரு நிமிடங்களிலேயே சரியும். சர்க்கரையற்ற கரைசலில் செல்களை நிதானமாகக் கழுவினால், மிஞ்சுவது வேலையை நிறுத்திவிட்ட ரைபோசோம்கள்தான். 2011இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மராட் யூசுபோவ் குழு 3.0 ஆங்ஸ்ட்ராம் பகுதிறனில் (எவ்வளவு நுண்ணிய விவரம் தெரிகிறது என்ற அளவு) வெளியிட்ட, முழு ரைபோசோமின் (80எஸ்) படிக அமைப்பைப் பாருங்கள். செல்களை அவர்கள் வேண்டுமென்றே பட்டினி போட்டார்கள். ரைபோசோம்கள் ஒரே நிலையில் இருந்தால்தான் படிகம் நன்றாக வளரும். அதில் எஸ்டிஎம்1 என்ற புரதம் தூது ஆர்.என்.ஏ. போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. படிகத்துக்கு அது நல்லது. ஆனால் இயங்கும் ரைபோசோமைப் பார்க்க விரும்புகிறவர் அதே வழியில் போனால், பூட்டிய ஆலையைப் படம்பிடித்து ஓடும் ஆலை என்று எழுத நேரும். செல்களை விரைவாக வடிகட்டி, உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். சைக்ளோஹெக்சிமைடு சேர்த்து ரைபோசோமை நிறுத்துவதும் வழக்கம்தான். ஆனால் அந்த மருந்து ரைபோசோமின் ஈ-தளத்தில் (வேலை முடிந்த கடத்து ஆர்.என்.ஏ. வெளியேறும் இடம்) போய் அமர்கிறது. பிறகு நீங்கள் காணும் நிலை செல்லுடையதா, மருந்துடையதா என்று கேட்டே ஆக வேண்டும்.

கரைசலில் மக்னீசியம் குறைந்தால் ரைபோசோமின் 40எஸ் (சிறியது), 60எஸ் (பெரியது) துணையலகுகள் பிரிந்துவிடும். இதைச் சொல்லாத ஆசிரியர் இல்லை, ஆனாலும் தவறு தொடர்கிறது.

பெயர்க் குழப்பம் இன்னும் ஆபத்தானது. ஈஸ்டின் எல்10 என்ற ரைபோசோம் புரதம் வேறு, பாக்டீரியாவின் எல்10 வேறு. 2014இல் வந்த பொதுப் பெயரிடலில் முன்னது யுஎல்16, பின்னது யுஎல்10. அந்த யுஎல்10க்கு ஈஸ்டில் பி0 என்று பெயர். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது ஒப்பீட்டு அட்டவணை பக்கத்தில் இருக்கட்டும். ஈஸ்டின் 79 ரைபோசோம் புரதங்களில் 59க்கு இரண்டிரண்டு மரபணுக்கள் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்: ஒன்றை நீக்கியதும் புரதமே போய்விட்டது என்று முடிவுகட்ட முடியாது.

கடைசியாக, ரைபோசோமின் அடர்த்தி வரைபடம். கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிடைக்கும் ஒற்றைப் பகுதிறன் எண் முழு ரைபோசோமுக்கும் பொருந்தாது. 60எஸ்சின் உட்பகுதி தெளிவாக இருக்கும்போதே 40எஸ்சின் தலை மங்கியிருக்கலாம், அது திரும்பும் உறுப்பு. பி1, பி2 புரதங்கள் அமைந்த தண்டு பெரும்பாலும் மங்கலாகவே தெரியும். அது அசைவதால் வரும் மங்கல், புரதம் இல்லாததால் அல்ல. அடர்த்தி இல்லாத இடத்தில் அணுக்களை வலிந்து பொருத்தாதீர்கள். அணு மாதிரியில் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, விட்டதைக் கட்டுரையில் எழுதுங்கள்.