ஸ்வீட் கார்னுக்கு நுண்ணூட்டத் தெளிப்பு: ஆண் பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஸ்வீட் கார்னில் கதிர் சிறுத்துப் போகிறது, நுனியில் மணி பிடிக்கவில்லை என்று பலரும் ஆண் பூ வந்த பிறகுதான் தெளிப்பானைத் தேடுகிறார்கள். அது தாமதம். கதிரில் எத்தனை வரிசை மணி வரும் என்பது ஏழெட்டு இலைப் பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது. அப்போது கதிர் நம் கண்ணுக்கே தெரியாது. அதனால் துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களை, அதாவது பயிருக்குச் சிறிதளவே தேவைப்படும் சத்துகளை, இளம் பயிரிலேயே தெளிக்கத் தொடங்குங்கள்.

முதலில் இலையைப் பாருங்கள்

மக்காச்சோளத்தில் அதிகம் காணப்படுவது துத்தநாகப் பற்றாக்குறை. குருத்தை ஒட்டிய இளம் இலைகளில், நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் வெளிர் பட்டை தெரியும். இலையின் அடிப்பாதியில்தான் இது அழுத்தமாக இருக்கும். கணுக்கள் நெருங்கி, செடி குட்டையாக நிற்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை அள்ளிப் போட்ட நிலத்திலும் கார மண்ணிலும் இது சீக்கிரம் வரும். இளம் இலை முழு நீளத்துக்கும் பச்சையும் மஞ்சளுமாக மெல்லிய கோடு போட்டிருந்தால் அது இரும்புக் குறைவு.

அடி இலை நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகிறதா? அது தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவு. இந்த இரண்டுக்கும் நுண்ணூட்டம் தெளித்துப் பலன் இல்லை, மேலுரத்தைக் கவனியுங்கள். தெளிப்பு எந்த நாளும் அடியுரத்துக்கு மாற்று ஆகாது.

கலவை

10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட். இது 21 சதவீதம் துத்தநாகம் உள்ள வகைக்கான அளவு. 33 சதவீத வகை என்றால் 30 கிராம் போதும், பையில் எழுதியிருப்பதைப் பார்த்துவிடுங்கள். இதைத் தனியாகத் தெளித்தால் இலை கருகலாம். எனவே 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பை வேறு பாத்திரத்தில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டிச் சேருங்கள். சுண்ணாம்பு வேண்டாம் என்றால் அதற்குப் பதில் 100 கிராம் யூரியா சேர்க்கலாம். மக்காச்சோள இலையில் மெழுகுப் பூச்சு உண்டு, நீர் உருண்டு ஓடிவிடும். அதனால் ஒட்டும் திரவம் 5 மில்லி கட்டாயம்.

டிஏபி போன்ற மணிச்சத்து உரத்தோடு ஜிங்க் சல்பேட்டைக் கலக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து அடியில் படிந்துவிடும், தெளிப்பானின் முனையும் அடைக்கும். வேறு எதையாவது சேர்க்க நினைத்தால் முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ படிந்தாலோ விட்டுவிடுங்கள்.

எப்போது தெளிப்பது?

விதைத்த 20 முதல் 25 நாளுக்குள் முதல் தெளிப்பு. அப்புறம் 35 முதல் 40 நாளில், ஆண் பூ வெளிவருவதற்கு முன் இரண்டாவது. காற்றில்லாத காலை அல்லது மாலை நேரம் நல்லது. உச்சி வெயிலில் வேண்டாம், மழை வரும்போல இருந்தால் தள்ளிப்போடுங்கள். வாடி நிற்கும் பயிருக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, அது நிமிர்ந்த பிறகு தெளியுங்கள். குருத்தும் இளம் இலைகளும் நன்றாக நனைய வேண்டும்.

போரானில் கவனம்

கதிர் முடியின் ஒவ்வொரு இழையும் ஒரு மணிக்கான வழி. அந்த இழைக்குள் மகரந்தக் குழாய் வளர்ந்து இறங்கப் போரான் தேவை, குறைந்தால் கதிரில் மணி பிடிக்காமல் பொக்கு விழும். ஆனால் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மண் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தால் மட்டும், ஆண் பூ வருவதற்கு முன் ஒரே ஒரு முறை, லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ். வெந்நீரில் கரைத்து, துத்தநாகக் கலவையோடு சேர்க்காமல் தனியாகத் தெளியுங்கள்.

சில நாள் கழித்துப் புதிதாக விரியும் இலையைப் பாருங்கள். பழைய இலையின் பட்டை முழுதாக மறையாது, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். புது இலையும் வெளிறியே வந்தால் 10 நாள் இடைவெளியில் இன்னொரு முறை துத்தநாகம் தெளித்து, அடுத்த விதைப்புக்கு முன் மண்ணைப் பரிசோதித்து, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை அடியுரமாகவே இடுங்கள்.