கோடைத் தரிசில் மண்வளம் குன்றாமல் காக்கும் முறை

காவிரிப் படுகையின் ஒருபோகச் சம்பா வயல்கள் தை, மாசி அறுவடைக்குப் பின் அடுத்த விதைப்பு வரை ஏறக்குறைய ஆறு மாதம் தரிசாகக் கிடக்கின்றன. ஓய்வு கொடுத்தால் மண் தானே தேறிவிடும் என்பது, அந்த ஓய்வின்போது மண்ணின்மேல் ஏதேனும் வளர்ந்துகொண்டிருந்தால் மட்டுமே உண்மை. நமது வெப்பத்தில் ஈரம் கிடைக்கும்போதெல்லாம் மண்ணிலுள்ள மட்கு (மக்கிய தழை, வேர்ப்பொருள்) விரைந்து சிதைகிறது; வெற்று நிலத்தில் அதை ஈடுசெய்ய வேரும் தழையும் சேர்வதில்லை. முதல் கோடை மழையில் நுண்ணுயிர்கள் விழித்து உருவாக்கும் நைட்ரேட்டை (பயிர் உறிஞ்சும் தழைச்சத்து வடிவம்) உறிஞ்சப் பயிர் இல்லாததால், அது அடுத்தடுத்த மழைநீரோடு கீழிறங்கி வீணாகிறது. பாசன நீர் கடைசியாக வந்துசேரும் கடைமடையில் இழப்பு இன்னும் கூடுதல்: ஆழம் குறைந்த நிலத்தடி உவர்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாக, உப்பு மேல்மண்ணில் படிந்துவிடுகிறது.

ஆகவே வேலையை அறுவடைக்கு முன்பே தொடங்க வேண்டும். கதிர் முற்றி, வயல் மண் மெழுகுப் பதத்தில் (நீர் தேங்காமல், மெழுகுபோல் இளகிய ஈரத்தில்) இருக்கும்போது, அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாக, ஏக்கருக்கு சுமார் 10 கிலோ உளுந்தோ பச்சைப்பயறோ தெளிக்கலாம். இயந்திர அறுவடையானால் முளைத்த பயிர் நசுங்கும் என்பதால் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது நல்லது. வைக்கோலையும் அறுத்தபின் நிற்கும் அடித்தாளையும் எரிக்கவே கூடாது. எரித்தால் கரிமமும் தழைச்சத்தும் புகையாகப் போய்விடும்.

பயறு எடுத்தபின் கோடை மழை ஈரத்தில் ஒரே ஒரு முறை, சரிவுக்குக் குறுக்கே உழுதால் போதும். கூட்டுப்புழுக்களும் களைகளின் கிழங்குகளும் வெயிலில் காயும். ஆனால் உழவு பெருகப் பெருக மட்கு கரையும். ராமநாதபுரத்திலிருந்து ஆடு ஓட்டி வருபவர்கள் கிடை போட (இரவில் வயலில் ஆடுகளை அடைக்க) இசைந்தால், உழவுக்கு முன் அவர்களை அழைப்பது செலவுக்கு உகந்த எரு.

அடுத்து, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைக்கவும். உவரையும் களரையும் இது பெரும்பாலும் தாங்கும். குறுவைக்கும் திட்டமிட்டால், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ நினைவில் வைத்து ஏப்ரல் இறுதியிலேயே விதைப்பை முடிக்க வேண்டும். 45 நாளில் பூக்கத் தொடங்கும்போதே மடக்கி உழவும். தாமதித்தால் தண்டு நாரேறி மட்க நாளாகும்.

பத்துப் பதினைந்து இடங்களில், 15 செ.மீ. ஆழம் வரை எடுத்த மண்ணைக் கலந்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில் பரிசோதிக்கவும். கரிம அளவு ஒரே ஆண்டில் கண்ணுக்குத் தெரியும்படி உயராது. மூன்று, நான்கு ஆண்டு முடிவுகளை அடுக்கிப் பார்த்தே தீர்மானிக்கவும்.