முகம், பொருள், இடம்: மூளை பார்க்கும் விதத்தை நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி?

கண்ணில் படும் எல்லாவற்றையும் மூளை ஒரே முறையில் கையாள்வதில்லை. ஒரு முகத்தை இன்னாருடையது என்று அறிவதற்கும், ஒரு நாற்காலியை நாற்காலி என்று அறிவதற்கும், முன்னே விரிவது தெருவா காடா என்று புரிந்துகொள்வதற்கும் அது வெவ்வேறு குறிப்புகளை நம்புகிறது. எந்தக் குறிப்பைக் கெடுத்தால் எந்தத் திறன் தடுமாறுகிறது என்று கவனிப்பதே இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி. படங்களைத் திருத்தும் வசதியுள்ள ஒரு கைபேசியும், பொறுமையாகப் பதில் சொல்லும் ஒரு நண்பரும் இருந்தால் போதும். படங்களைத் தயாரித்தவரே சோதனைக்கு உட்கார்வதில் பயனில்லை. அவருக்குத்தான் விடை முன்பே தெரியுமே.

முதலில் முகம். நண்பருக்கு அறிமுகமில்லாத முகங்களின் படங்களையும், ஏறத்தாழ ஒரே சாயலுள்ள வீடுகளின் படங்களையும் சம எண்ணிக்கையில் சேகரியுங்கள். ஒவ்வொரு வகையிலும் பாதியை மட்டும் சில விநாடிகள் காட்டிவிட்டு, பிறகு பார்த்ததையும் பாராததையும் கலந்து வைத்து, எவை முன்பு பார்த்தவை என்று கேளுங்கள். அடுத்த சுற்றில் வேறு படங்களை எடுத்து, காட்டும்போதும் கேட்கும்போதும் அவற்றைத் தலைகீழாக வையுங்கள். வீடுகளிலும் தவறுகள் கூடும். ஆனால் பெரும்பாலும் முகங்களில்தான் சரிவு அதிகமாக இருக்கும். 1969இல் உளவியல் ஆய்வாளர் ராபர்ட் யின் இதைத்தான் காட்டினார். ‘இது வீடு’ என்று பொதுப்பெயர் சொல்வதையும் ‘இது இன்னார்’ என்று சொல்வதையும் ஒப்பிட்டால் சோதனை நியாயமாக இராது என்பதால்தான், இரண்டிலும் தனித்தனி ஆளையும் தனித்தனி வீட்டையும் அடையாளம் காணச் சொல்கிறோம்.

இந்தச் சரிவுக்குக் காரணம், கண், மூக்கு, வாய் என்று உறுப்புகளைத் தனித்தனியே எண்ணாமல், அவற்றுக்கிடையே உள்ள தூரத்தையும் அமைப்பையும் மூளை ஒரே வீச்சில் முழுமையாக எடுத்துக்கொள்வதுதான். அதைக் கண்ணெதிரே காண, நேராகப் பார்க்கும் ஒரு சிரித்த முகத்தின் படத்தை எடுங்கள். இரண்டு கண்களையும் வாயையும் சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதே இடத்தில் தலைகீழாக ஒட்டுங்கள். வெட்டிய ஓரம் தெரியாதபடி சற்று மழுக்கிவிட்டு, முழுப் படத்தையும் தலைகீழாக்கி நண்பரிடம் காட்டுங்கள். ஏதோ சிறிது வித்தியாசம் என்பதற்கு மேல் அவருக்குத் தோன்றாது. படத்தை நிமிர்த்தியதும் அதே முகம் கோரமாகிவிடும். உளவியல் ஆய்வாளர் பீட்டர் தாம்சன் 1980இல், அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தைக் கொண்டு இதைச் செய்துகாட்டினார். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத சோதனை இது.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். பிரபலமான ஒருவரின் முகத்தில் மூக்குக்கு மேற்பட்ட பாதியையும், வேறொருவரின் கீழ்ப் பாதியையும் ஒட்டவைத்து, மேல் பாதி யாருடையது என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், தவறவும் கூடும். கீழ்ப் பாதியைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டால் அடையாளம் காண்பது எளிதாகிவிடும். இரண்டு பாதிகளும் சேர்ந்திருக்கும்வரை மூளை அதை ஒரு புதிய ஆளாகவே காண்கிறது.

முகங்களுக்குக் கூடுதலாகத் தூண்டப்படும் ஒரு சிறு பகுதி, மூளையில் காதுப்பக்கமாக உள்ள பொட்டு மடலின் அடிப்புறத்தில், பெரும்பாலும் வலப்பக்கம் வலுவாக, அமைந்திருப்பதை மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரும் அவருடைய குழுவினரும் 1997இல், மூளை இயங்குவதைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ மூலம் விவரித்தார்கள். அது முகத்துக்கென்றே அமைந்ததா, அல்லது நாம் நெடுங்காலம் பழகி நிபுணத்துவம் பெற்ற எதற்கும் பயன்படுவதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் அப்பகுதியில் மின்தூண்டல் கொடுத்தபோது, எதிரில் இருந்தவரின் முகம் உருமாறுவதாக நோயாளி சொன்னார். முகம் காண்பதில் அதற்கு நேரடிப் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

பொருள்களைப் பொறுத்தவரை உருவ விளிம்பே முதன்மை. புகைப்படத்தில் உள்ள கோப்பையையும் நான்கு கோடுகளில் வரைந்த கோப்பையையும் நாம் ஒன்றுபோல் அறிவதும் அதனால்தான். விளிம்பு மறையும்படி, ஒரு வாளியையோ வாணலியையோ நேர் மேலிருந்து படமெடுத்துக் காட்டுங்கள். நண்பர் சற்றுத் திணறுவார்.

இடத்தை அறிவதற்கு இவ்வளவு துல்லியமும் தேவையில்லை. கடற்கரை, நெடுஞ்சாலை, காடு, அறை ஆகியவற்றின் படங்களை, உள்ளே இருக்கும் எந்தப் பொருளும் தெரியாத அளவுக்கு மங்கலாக்கி, ஒரு கணம் மட்டும் காட்டி மூடிவிடுங்கள். மரத்தையோ வண்டியையோ பிரித்துச் சொல்ல முடியாதவர்கூட அது எவ்வகை இடம் என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். திறந்தவெளியா அடைப்பா, கோடுகள் எத்திசையில் ஓடுகின்றன என்னும் ஒட்டுமொத்த அமைப்பே அவருக்குப் போதுமானது. ரஸ்ஸல் எப்ஸ்டீனும் கான்விஷரும் 1998இல் அறிவித்த இடங்களுக்கான மூளைப் பகுதி, சாமான்கள் நிறைந்த அறைக்கும் வெற்று அறைக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தூண்டப்பட்டதும் இதோடு பொருந்துகிறது.

பிறகு, நெருக்கமாக எடுத்த ஒரு காட்சியைச் சில விநாடிகள் காட்டி, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்த பொருளை முழுதாகவும், அதைச் சுற்றி இல்லாத வெளியைச் சேர்த்தும் பலர் வரைவார்கள். எல்லாப் படங்களிலும் இது நிகழ்வதில்லை என்பதால், நெருக்கமான படத்தையே தேர்ந்தெடுங்கள்.

முகச் சோதனைகளில் நண்பர் மிகவும் பின்தங்கினால் அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். பிறவியிலேயே முகங்களை அடையாளம் காண இயலாதவர்கள் நடை, குரல், தலைமுடி ஆகியவற்றைக் கொண்டு சமாளித்துவிடுகிறார்கள்; அதை உறுதிசெய்ய முறையான பரிசோதனை வேண்டும். ஆனால் நேற்றுவரை தெரிந்த முகங்கள் ஒருவருக்குத் திடீரென்று தெரியாமல் போனால், அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.