தோற்றுக்கொண்டே இருக்கும் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024ஆம் ஆண்டு சிகாகோ வைட் சாக்ஸ் அணி 162 ஆட்டங்களில் 121இல் தோற்று, 1962இல் நியூயார்க் மெட்ஸ் அணி கண்ட 120 தோல்விகள் என்ற மோசமான கணக்கையும் தாண்டியது. அத்தகைய அணியைக் கைவிடாமல் பின்தொடர்பவர்களிடம் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பற்றே அவர்களைச் சில தவறுகளுக்கும் இட்டுச் செல்கிறது.

ஒரே இரவின் முடிவை வைத்து அணியை எடைபோடுவது முதல் தவறு. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆடப்படும் இந்த விளையாட்டில் மிகச் சிறந்த அணிகளே அறுபது ஆட்டங்கள் வரை தோற்கின்றன. எனவே ஒரு வெற்றியோ தோல்வியோ அதிகம் சொல்வதில்லை. எடுத்த ஓட்டங்களையும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களையும் ஒப்பிடுவதே நம்பகமான அளவுகோல். இரண்டையும் வர்க்கப்படுத்தி வெற்றி விகிதத்தை மதிப்பிடும் பேஸ்பால் புள்ளியியலாளர் பில் ஜேம்ஸின் சூத்திரத்தில், அந்த ஆண்டு வைட் சாக்ஸ் எடுத்த 507 ஓட்டங்களையும் கொடுத்த 813 ஓட்டங்களையும் இட்டுப் பார்த்தால் சுமார் 45 வெற்றிகள் கிடைக்கின்றன. அணி உண்மையில் பெற்றவை 41. ஆகவே துரதிர்ஷ்டம் பறித்தது நான்கைந்து ஆட்டங்களை மட்டுமே. மற்றவை அணியின் பலவீனத்தால் வந்தவை. 21 தொடர் தோல்விகளைக் கண்ட அந்த அணியை ‘நேரம் சரியில்லை’ என்று தேற்றிக்கொண்டவர்கள் உண்மையைத் தள்ளிப்போட்டார்கள்.

‘தோற்கத் தோற்க நல்லதுதான், அடுத்த டிராஃப்டில் முதல் வீரர் நமக்கே’ என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. டிராஃப்ட் என்பது அணிகள் புதிய இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு; மோசமாக ஆடிய அணிகளுக்கு அதில் முன்னுரிமை உண்டு. ஆனால் அந்த வரிசையின் முதல் ஆறு இடங்கள் 2022 டிசம்பரிலிருந்து குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படுகின்றன. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் ஒரே அளவு வாய்ப்புதான். முதல் குலுக்கலிலேயே, 107 ஆட்டங்களில் தோற்ற வாஷிங்டனை முந்தி, 100 ஆட்டங்களில் தோற்ற பிட்ஸ்பர்க் முதலிடம் பெற்று, அடுத்த ஆண்டு பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸைத் தேர்ந்தெடுத்தது. வைட் சாக்ஸின் நிலை இன்னும் கொடியது. அணிகளுக்கிடையேயான வருவாய்ப் பகிர்வில் பணம் பெறாத பெருநகர அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கல் இடம் பெற முடியாது என்ற விதியால், 121 தோல்விகளுக்குப் பின்னரும் 2025 டிராஃப்டில் அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம்தான். தன் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ரசிகருக்குப் பலன் எதுவும் இல்லை.

விருப்பமான வீரர் வேறு அணிக்கு மாற்றப்படும்போதெல்லாம் துரோகம் என்று கொதிப்பதும் சரியன்று. இருளான அந்த 2024இல் ஒளிர்ந்த பந்துவீச்சாளர் கேரட் குரோஷேவை டிசம்பரில் பாஸ்டனுக்கு அனுப்பியது வலித்தது. ஆனால் பதிலுக்கு வந்த நால்வரில் கைல் டீலும் சேஸ் மெய்ட்ரோத்தும் மறு ஆண்டே சிகாகோவில் களமிறங்கினர், அணியின் வெற்றிகளும் 60 ஆக உயர்ந்தன. அதேவேளை, மீட்சிக்கு நாள் குறித்துக்கொள்ளவும் கூடாது. 2003இல் 119 ஆட்டங்களில் தோற்ற டெட்ராய்ட் 2006இலேயே இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஆடியது. பிட்ஸ்பர்க்கோ 1993 முதல் 2012 வரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து வெற்றிகளைவிட அதிகத் தோல்விகளையே கண்டது.

இறுதியாக, கோபத்தை இளம் வீரர்கள்மீது கொட்டுவது. அணிப் பட்டியலில் யார் இருக்க வேண்டும், எவ்வளவு செலவிட வேண்டும் என்பவற்றை முடிவு செய்வது உரிமையாளரும் நிர்வாகமுமே. அனுபவமற்ற இருபத்து மூன்று வயது வீரர் அல்லர். ஓக்லண்ட் ரசிகர்கள் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தனர். 2023 ஜூன் 13 அன்று 27,000க்கும் மேற்பட்டோர் திரண்டு, அணியை விற்றுவிடுமாறு உரிமையாளரை நோக்கி முழங்கியபடியே, களத்தில் ஆடியவர்களை இறுதிவரை ஊக்குவித்தனர். அன்று வலுவான டம்பா பே அணியை அவர்களின் அணி 2-1 என்று வென்றது.