கேன்கேன் பாவாடையை பீரோவுக்குள் அடக்குவது எப்படி?

லெஹங்கா ஒன்று உள்ளே போனாலே பீரோ கதவு மூடாது, காரணம் பாவாடையை விரித்துக் காட்ட அதன் அடியில் விறைத்து நிற்கும் கேன்கேன் வலைதான். தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். அப்புறம் இடுப்புப் பட்டியைக் கொக்கியில் மாட்டி, வலையைக் கீழ்நோக்கி நீவி முறுக்கி, பழைய லெக்கிங்ஸின் ஒரு காலை வெட்டி உறையாக இழுத்துவிட்டால் மடக்கிய குடை மாதிரி ஒல்லியாகிவிடும். சுருக்கமா? விழட்டும், உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்!

ஜரிகைப் பாவாடையை மட்டும் முறுக்கவே கூடாது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, நீளவாக்கில் மடித்து, துவைத்த பழைய வேட்டியில் சுற்றிப் படுக்கவையுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே இற்றுப்போகும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.