எலி, வலி, கிலி: பிள்ளைக்குச் சந்தப் படப்புத்தகம் தைப்பது எப்படி?

3 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு 12 பக்கப் படப்புத்தகத்தை ஒரே மதியத்தில் வீட்டிலேயே செய்துவிடலாம். ஏ4 அளவு வரைதாள் 3, மணிலா அட்டை, கலர் பென்சில், ஊசி, தடித்த நூல் போதும்.

1. முதலில் பாட்டு

படத்தில் அவசரப்பட்டுக் கைவைக்காதீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்பூட் பக்கத்துப் பிள்ளைக்குப் பனிமனிதனைவிடச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நன்றாகத் தெரியும். எலி குலையைக் கடிக்காமலிருக்கச் செம்பனைக் காட்டில் எலி தின்னும் ஆந்தைக்குக் கூடாகப் பெட்டி வைப்பார்கள் அல்லவா? அதையே பாடுவோம்.

பழுத்த குலையிலே குண்டு எலி
கடித்த பல்லிலே கடும் வலி!

ஒவ்வோர் அடியிலும் நாலு சீர். கை தட்டிச் சொல்லிப் பாருங்கள். தட்டு இடறினால் அங்கே சொல் கூடிவிட்டது.

பலரும் சறுக்குவது அடியின் கடைசியில்தான். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். அதனால் 'வந்தது, தின்றது, போனது' என்று முடித்தால் சந்தம் போலத் தோன்றும், ஆனால் ஒத்துப்போவது வெறும் விகுதி. அதை வைத்து அடுத்த சொல்லைப் பிள்ளையால் ஊகிக்க முடியாது. பெயர்ச்சொல்லில் முடியுங்கள்: எலி, வலி, புலி, கிலி, ஒலி. 'ஒளி' இந்தக் கூட்டத்தில் சேராது, அது ளகரம். நாம் பேசும்போது இரண்டையும் ஒன்றாக உச்சரித்தால் பிள்ளையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். முதலெழுத்தின் நீளமும் முக்கியம்: 'பாட்டு, காட்டு' எதுகை, 'பட்டு, பாட்டு' எதுகையில்லை.

இப்படி 6 ஈரடிகள் எழுதுங்கள்.

2. பக்கம் பிரித்தல்

3 தாளையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, பென்சிலால் 1 முதல் 12 வரை எண் போடுங்கள். எண் போடாமல் வரைந்தால் கதை குலைந்துவிடும், ஏனென்றால் வெளித்தாளில் வருபவை 1, 2, 11, 12. முதல் அடி ஒற்றைப்படைப் பக்கத்தில், இரண்டாம் அடி இரட்டைப்படையில். அப்போது விடை எப்போதும் தாளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 1-ஆம் பக்கத்தில் எலி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், 'வலி' பிள்ளையின் வாயிலேயே வரும்.

எழுத்து 1.5 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். மார்க்கர் பேனா தாளின் மறுபுறம் ஊறும், கிரேயான் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். கலர் பென்சிலே உத்தமம்.

3. தையல்

சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்புவரை எட்டாது. அட்டையையும் சேர்த்து மடிப்பில் 3 துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டரில் ஒவ்வொன்று. 50 சென்டிமீட்டர் நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே, கீழ்துளையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே இழுங்கள். இரு முனையும், உள்ளே மேல்துளையிலிருந்து கீழ்துளைவரை ஓடும் நெடுந்தையலின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், அதன்மேல் முடிச்சிடுங்கள். இரண்டும் ஒரே பக்கமிருந்தால் நூல் தளரும்.

4. வாசித்தல்

முதல் தடவை முழுதாக வாசியுங்கள், கேள்வி வேண்டாம். மூன்றாம் தடவையிலிருந்து 'வலி'க்கு முன் நிறுத்தி, மனத்துக்குள் 4 எண்ணுங்கள். பிள்ளை 'புளி' என்றாலும் திருத்தாமல் பக்கத்தைத் திருப்புங்கள், படம் சொல்லிவிடும்.